சாதனையை விட்டு விமானத்தைக் காப்பாற்றிய ஏமி ஜான்சன்

1930ஆம் ஆண்டு மே 18ஆம் தேதி, சிங்கப்பூரின் சிலேத்தார் விமானத் தளத்தில் கரும்பச்சை நிறச் சிறு விமானம் ஒன்று தரையிறங்கியது. லண்டனிலிருந்து தன்னந்தனியாக அதை ஓட்டி வந்தவர் 26 வயது ஏமி ஜான்சன்.

ஆறு நாள் கழித்து அவர் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை அடைந்தார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது. ஆனால், விமானத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒரு தொழில்நுட்பராகவும் அவர் இருந்தார் என்பதைப் பலர் அறிவதில்லை. அந்தத் திறன் இல்லாமல் இந்தப் பயணம் பாதி வழியிலேயே முடிந்திருக்கக்கூடும்.

கொட்டகையில் கற்ற பாடம்

இங்கிலாந்தின் ஹல் நகரில் 1903ல் மீன் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் ஏமி. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளியல் உள்ளிட்ட பாடங்களில் பட்டம் பெற்று, லண்டனில் வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் செயலாளராகப் பணிபுரிந்தார்.

ஓய்வு நேரத்தில் ஸ்டாக் லேன் விமானத் தளத்தில் விமானம் ஓட்டப் பழகினார். அதோடு நிற்காமல், அங்கிருந்த கொட்டகையில் எண்ணெய்க் கறை படிந்த உடையுடன் இயந்திர வேலையும் கற்றார். 1929ல் விமானி உரிமத்துடன் தரைப் பொறியாளர் உரிமத்தையும் பெற்றார். பிரிட்டனில் இந்த இரண்டாவது உரிமத்தைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

தந்தையின் உதவியாலும் வேக்ஃபீல்டு பிரபுவின் ஆதரவாலும் பழைய ‘ஜிப்சி மாத்’ விமானம் ஒன்றை வாங்கினார். குடும்ப வணிகத்தின் முத்திரைப் பெயரான ‘ஜேசன்’ அதன் பெயரானது. அதுவரை அவர் தனியாகப் பறந்த ஆக நீண்ட தொலைவு, லண்டனிலிருந்து ஹல் வரைதான்.

இன்சைனில் நின்றுபோன பயணம்

மே 5ஆம் தேதி குரோய்டனிலிருந்து புறப்பட்டவர், ஆறே நாளில் கராச்சியை அடைந்தார். 1928ல் பதினைந்தரை நாளில் ஆஸ்திரேலியாவை எட்டிய பெர்ட் ஹிங்க்லரைவிட அப்போது அவர் இரண்டு நாள் முன்னால் இருந்தார். சாதனை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பர்மாவில் நிலைமை மாறியது. கொட்டும் மழையில் ரங்கூன் பந்தயத் திடலைக் கண்டுபிடிக்க முடியாமல், அருகிலுள்ள இன்சைனில் தொழில்நுட்பக் கழகத்தின் விளையாட்டுத் திடலில் இறங்கினார். விமானம் பள்ளத்தில் சரிந்தது. இறக்கை கிழிந்தது, சக்கரத் தாங்கியும் புரொப்பல்லரும் சேதமடைந்தன.

அக்காலச் சிறு விமானத்தின் இறக்கை, மரச் சட்டத்தின்மேல் துணியை இழுத்துக் கட்டிச் செய்யப்படுவது. துணி விறைப்பாக நிற்க அதன்மேல் பூச்சு பூச வேண்டும். மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் கம்பிகள் இழுத்துப் பிடிக்கும். ஒரு கம்பி தளர்ந்தாலும் இறக்கை கோணலாகி, விமானம் ஒரு பக்கமாகச் சாயும். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் மீண்டும் அதே இடத்தில் அமர்ந்து, கழன்றுவிடாதபடி பின் செருகப்பட வேண்டும். கடைசியாக, விமானி நெம்புகோலை அசைக்கும் திசைக்கேற்ப இறக்கையும் வாலும் சரியாக அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றை மறந்தாலும் அது தெரியவருவது வானத்தில்தான்.

கழகத்தினர் கைகொடுத்தனர். போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்திருந்த சட்டைகள், கிழிந்த இறக்கைக்கு ஒட்டாயின. உடைந்த புரொப்பல்லருக்குப் பதிலாக, விமானத்தின் பக்கவாட்டில் கட்டிக் கொண்டுவந்த மாற்று புரொப்பல்லர் பொருத்தப்பட்டது. வேலை முடிய மூன்று நாளானது. சாதனை கைநழுவுவது தெரிந்தும், வேலை சரியாக முடிந்த பிறகே ஏமி புறப்பட்டார்.

சிங்கப்பூரிலிருந்து டார்வின் வரை

பேங்காக், சிங்கோரா வழியாகச் சிங்கப்பூர் வந்து, மறுநாளே ஜாவாவை நோக்கிப் பறந்தார். அங்கு ஒரு கரும்பு ஆலையருகே இறங்கியபோது மூங்கில் குச்சிகள் இறக்கைத் துணியைக் குத்திக் கிழித்தன. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டியே அந்த ஓட்டைகளை அடைத்தனர்.

திமோர் கடலைக் கடந்து மே 24ஆம் தேதி டார்வினில் இறங்கியபோது பத்தொன்பதரை நாளாகியிருந்தது. ஹிங்க்லரின் சாதனை அப்படியே இருந்தது. ஆனால், ஏறத்தாழ 17,700 கிலோமீட்டர் தொலைவை ஏமியும் ஜேசனும் முழுதாகக் கடந்திருந்தனர். டார்வினில் திரண்ட கூட்டம் அதைத்தான் கொண்டாடியது.

இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களைத் தளங்களுக்குக் கொண்டு சேர்க்கும் பணியில் இணைந்தார் ஏமி. 1941 ஜனவரி 5ஆம் தேதி தேம்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் அவரது விமானம் விழுந்தது. 37 வயதில் மறைந்த அவரது உடல் கிடைக்கவே இல்லை.

இன்சைனில் மீண்டும் பூட்டப்பட்டு, சிலேத்தாரில் இறங்கிப் போன ஜேசனை, லண்டன் அறிவியல் அரும்பொருளகத்தில் இன்றும் காணலாம்.