மெழுகுவர்த்தி வாத்தியார்

மைக்கேல் ஃபாரடே என்றதும் நமக்கு டைனமோதான் ஞாபகம் வரும். எனக்குப் பிடித்தது அவர் பாடம் நடத்திய விதம்.

1791-ல் இங்கிலாந்தில் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு கொஞ்சம்தான். பைண்டிங் கடையில் வேலை. பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையே படித்தார். 1812-ல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுக்கு ஒரு வாடிக்கையாளர் டிக்கெட் கொடுத்தார். கேட்டதை எழுதி, பைண்ட் பண்ணி, டேவிக்கே அனுப்பினார். மறுவருஷம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைச்சுது!

பின்னாளில் அங்கேயே கிறிஸ்துமஸ் விடுமுறைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். லீவுல பாடமா, நாமெல்லாம் போவோமா? அவங்க வந்தாங்க. 1860 டிசம்பரில் தொடங்கி, மெழுகுவர்த்தியை வைத்தே 6 சொற்பொழிவுகள்! ஊதி அணைத்ததும் எழும் புகையில் நெருப்பைக் காட்டுவார். திரியைத் தொடாமலே சுடர் தாவிப் பிடிக்கும். எரிவது மெழுகின் ஆவி என்பது கண்ணாலேயே தெரிஞ்சிடும்.