தீப்பொறி இல்லாமல் தீ மூட்டியவர்: ருடால்ஃப் டீசல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

டீசல் என்ற சொல்லை அறியாதவர் நம் ஊர்ப்பக்கம் எவரும் இல்லை. பேருந்து ஓட்டுநர் அறிவார்; டிராக்டர் வைத்திருப்பவர் அறிவார்; கிணற்றடியில் ஆயில் என்ஜினோடு போராடிய நம் பாட்டன்மாரும் அறிவர். ஆனால், அது ஒரு மனிதரின் பெயர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பெட்ரோல், மண்ணெண்ணெய் என்பனபோல அதுவும் ஓர் எண்ணெயின் பெயர் என்றே நான் பள்ளிப் பருவம் முழுதும் எண்ணியிருந்தேன். கல்லூரியில் வெப்ப இயக்கவியல் பாடம் கேட்ட பிறகுதான் அப்பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் நிற்பதைக் கண்டேன்.

என் தந்தையார் உத்திரமேரூரை அடுத்த ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் இரவுக் காவலர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அந்தப் பொரிப்பகத்தில் ஒரு ஜெனரேட்டர் உண்டு. படைத்துறையினர் பயன்படுத்திக் கழித்து ஏலத்தில் விட்டது. கைமாறிக் கைமாறி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. அதன் பச்சை வண்ணம் இன்னும் முழுதாக உரிந்துபோகவில்லை. மின்சாரம் போனதும் டார்ச் விளக்கோடு ஓடி அதைக் கிளப்புவதே பல ஆண்டுகளாக அவருடைய வேலை. அந்த என்ஜினை முதலில் எண்ணிப் பார்த்தவரின் கதை, படிக்க வந்த எனக்கு மட்டும் உரியதன்று. அதைக் கிளப்பி வந்த என் தந்தையாருக்கும் உரியது. ஆகவே இதை எழுதத் துணிந்தேன்.

கைவண்டி தள்ளிய சிறுவன்

ருடால்ஃப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியப் பகுதியைச் சேர்ந்தவர்கள். பிழைப்பை நாடிப் பாரிஸில் குடியேறியவர்கள். தந்தை தோல்பொருள்கள் செய்பவர். அவர் செய்த பொருள்களைக் கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டுபோய் வாங்குவோரிடம் சேர்ப்பது சிறுவன் ருடால்ஃபின் வேலை. ஓய்வு கிடைத்தால் அந்நகரின் இயந்திரக் காட்சிச்சாலையே அவனுக்குக் கோயில்.

1870ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. பாரிஸில் இருந்த ஜெர்மானியர் வெளியேற நேர்ந்தது. டீசல் குடும்பம் லண்டனுக்கு ஓடியது. அங்கும் வறுமை தொடர்ந்தது. பன்னிரண்டே வயதான மகனை ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்குத் தனியே அனுப்பிவைத்தார்கள். அந்த உறவினர் ஒரு கணித ஆசிரியர். அங்கே சிறுவனின் அறிவு மலர்ந்தது. பதினான்கு வயதில், தான் பொறியாளன் ஆகப்போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதினான்.

1875இல் மூனிக் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. பெற்றோருக்கோ, மகன் மேற்கொண்டு படிக்காமல் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டும் என்ற விருப்பம். இந்த இடத்தைப் படித்தபோது என் மனம் சற்றே நின்றது. பிளஸ் டூ முடித்ததும் ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு வேன் ஏறியிருந்தால் என் வீட்டிலும் மாதச் சம்பளம் வந்திருக்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவனின் வீட்டில் நடக்கும் வாதம், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் டீசல் வீட்டிலும் நடந்திருக்கிறது!

அவர் படித்தார். ஆனால், 1879இல் இறுதித் தேர்வு நேரத்தில் டைபாய்டு காய்ச்சல் படுக்கையில் தள்ளியது. உடன் படித்தவர்கள் தேறிச் சென்றார்கள். டீசல் சோர்ந்துவிடவில்லை. சுவிட்சர்லாந்தின் சுல்சர் இயந்திரத் தொழிற்சாலையில் கைத்தொழில் பழகினார். 1880 சனவரியில் தேர்வு எழுதி மிக உயர்ந்த தகுதியோடு தேறினார்.

சைக்கிள் பம்பு சொல்லும் பாடம்

மூனிக்கில் அவருக்குப் பாடம் சொன்னவர், குளிர்பதன இயந்திரத் துறையில் புகழ்பெற்ற கார்ல் ஃபான் லிண்டே. அக்காலத்து நீராவி எந்திரம், எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றவில்லை என்று அவர் வகுப்பில் விளக்கினார். மிச்சமெல்லாம் வீண். அந்த வீண் டீசலின் உறக்கத்தைக் கெடுத்தது. கார்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் கூறிய கோட்பாட்டை நெருங்கும் ஓர் எந்திரத்தைச் செய்ய இயலாதா என்ற கேள்வி அன்று அவர் உள்ளத்தில் விழுந்தது.

விடை எளிது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் எல்லாரும் அறிவோம். காற்றை அழுத்தினால் அது சூடாகும். இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் விரைந்து அழுத்தினால் அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸையும் கடக்கும். அந்நேரத்தில் எரிபொருளை உள்ளே செலுத்தினால், அது தானே பற்றிக்கொள்ளும். தீப்பொறி வேண்டாம், பெட்ரோல் என்ஜினில் உள்ள ஸ்பார்க் பிளக் வேண்டாம். மலாய் நாட்டு மக்கள் குழாய்க்குள் காற்றை அழுத்தித் தீ மூட்டும் சிறு கருவியே டீசலுக்கு இந்த எண்ணத்தைத் தந்தது என்றும் சொல்லப்படுகிறது.

விடை எளிதாயினும் வழி எளிதாக இல்லை. லிண்டேயின் பணியாளராகப் பாரிஸில் பனிக்கட்டித் தொழிற்சாலையைக் கவனித்துக்கொண்டே அவர் ஆராய்ச்சி செய்தார். அம்மோனியா ஆவியால் இயங்கும் எந்திரம் ஒன்று சோதனையில் வெடித்து அவரை மருத்துவமனையில் கிடத்தியது. 1892 பிப்ரவரியில் தம் புதிய என்ஜினுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு கோட்பாட்டை நூலாகவும் வெளியிட்டார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குரூப் நிறுவனமும் துணைக்கு வந்தன.

தொப்பியைக் கழற்றிய தொழிலாளி

1893 ஆகஸ்டு 10ஆம் நாள் முதல் சோதனை. எரிபொருள் பற்றியது உண்மை. ஆனால் உள்ளே எழுந்த அழுத்தத்தில் அளவுக்கருவி வெடித்துச் சிதறியது. உயிர் தப்பியதே பெரிது. எனினும், தீப்பொறி இல்லாமல் தீ மூட்டலாம் என்பது மெய்ப்பட்டுவிட்டது.

என்ஜினைத் திருத்தினார்கள். 1894 பிப்ரவரி 17ஆம் நாள். தொழிற்சாலையின் பொதுச் சுழல்தண்டிலிருந்து பெல்ட் போட்டு என்ஜினைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பெல்ட்டின் இழுப்பு திசை மாறியதை அருகிலிருந்த தொழிலாளி ஒருவர் கண்டார். இதுவரை தொழிற்சாலை என்ஜினை இழுத்தது. இப்போது என்ஜின் தொழிற்சாலையை இழுக்கிறது! ஏறத்தாழ ஒரு நிமிடமே அது ஓடியது. அந்தத் தொழிலாளி ஒன்றும் பேசவில்லை. தலைத் தொப்பியைக் கழற்றி டீசலுக்கு வணக்கம் செலுத்தினார். உலகத்தின் முதல் டீசல் என்ஜின் தானே ஓடியதை முதலில் உணர்ந்தது ஒரு தொழிலாளியின் கண். இந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

மேலும் மூன்றாண்டு உழைப்புக்குப் பின், 1897இல் பேராசிரியர் ஷ்ரோட்டர் முறைப்படி அளந்து பார்த்தார். எரிபொருளின் வெப்பத்தில் 26.2 விழுக்காடு வேலையாக மாறியது. உலகம் வியந்தது.

புகழும் கடனும்

டீசல் இந்த என்ஜினை யாருக்காகச் செய்தார்? பெரிய நீராவி எந்திரம் பெரிய முதலாளிக்கே கட்டுப்படியாயிற்று. நெசவாளர், தச்சர், கொல்லர் ஆகியோர் அதனோடு போட்டியிட முடியாமல் நசிந்தனர். சிறு பட்டறைக்காரனும் தன் வீட்டோரம் வைத்துக்கொள்ளும் விசை ஒன்று வேண்டும் என்பதும் அவருடைய நோக்கங்களுள் ஒன்று. தோல்பொருள் செய்பவரின் மகன் அல்லவா! 1903இல், தொழிலாளர்கள் சிறு தொகை சேர்த்துத் தாங்களே தொழிலகங்களுக்கு உரிமையாளராகும் திட்டத்தை ஒரு நூலாக எழுதினார். நூல் மிகச் சிலவே விற்றது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே குடவோலையால் ஊர்ப் பொறுப்பைப் பலர் கைக்கும் பகிர்ந்தளித்த நம் ஊரில் பிறந்திருந்தால், அவர் நூலைக் கேட்க ஆள் இருந்திருக்குமோ என்று எண்ணிக்கொண்டேன்.

1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு டீசல் என்ஜின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. ஆம், நம் மானாவாரிக் கொல்லையில் விளையும் அதே மணிலாக் கொட்டையின் எண்ணெய்தான்! உழவன் தன் நிலத்தில் விளைந்த எண்ணெயாலேயே தன் என்ஜினை ஓட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் டீசலைப் பிற்காலத்தில் பெரிதும் கவர்ந்தது.

உரிமைகளை விற்றுச் செல்வர் ஆனார். ஆனால், அவசரமாகச் செய்து விற்ற தொடக்க கால என்ஜின்கள் பழுதாகி நின்றன. வாங்கியவர்கள் குறை கூறினர், வழக்குகள் எழுந்தன, உடல்நலம் குலைந்தது. நிலத்திலும் பங்குகளிலும் போட்ட பணம் கரைந்தது. 1912இல் செலாண்டியா என்ற பெருங்கப்பல் டீசல் என்ஜினால் கடல் கடந்து புகழ் பெற்றபோது, அந்தப் பெயருக்கு உரியவர் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார்.

1913 செப்டம்பர் 29ஆம் நாள் மாலை, ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். இரவு உணவு உண்டார். காலையில் எழுப்பும்படி சொல்லிவிட்டுத் தம் அறைக்குச் சென்றார். காலையில் அறை காலி, படுக்கை கலையவில்லை. பத்து நாள்களுக்குப் பின் கடலில் கண்டெடுத்த உடலிலிருந்த சிறு பொருள்களைக் கண்டு மகன் அடையாளம் சொன்னார். புறப்படுமுன் அவர் மனைவியிடம் கொடுத்த பையில் 20,000 மார்க் பணமும், வங்கிக் கணக்குகள் வறண்டதைக் காட்டும் தாள்களும் இருந்தன. அவருக்கு வயது 55. அவருடைய முடிவு எப்படி நேர்ந்தது என்பது இன்றும் உறுதியாகத் தெரியவில்லை.

நம் ஊரில் டீசல்

அவர் மறைந்தார், அவர் என்ஜின் மறையவில்லை. நீர்மூழ்கிக் கப்பலில் ஏறியது, லாரியில் ஏறியது, போர்முனையில் மின்சாரம் தந்தது. சிறு பட்டறைக்காக எண்ணியது படைக்குப் போயிற்று. அங்கிருந்து ஏலத்தின் வழியே மீண்டும் சிறு தொழிலுக்கே திரும்பி வருகிறது. எங்கள் பொரிப்பகத்து ஜெனரேட்டர் அப்படித் திரும்பி வந்த ஒன்று.

முட்டை பொரிய 21 நாள்; வெப்பம் ஏறத்தாழ 37.5 டிகிரியில் நிலைத்திருக்க வேண்டும். ஈராண்டுக்கு முன் ஒரு மழை இரவில் மின்சாரம் போயிற்று. தந்தையார் காய்ச்சலில் அயர்ந்து தூங்கிவிட்டார். விடியும்போது பெட்டியிலிருந்த முட்டைகளில் பெரும்பகுதி வீணாகியிருந்தது. முதலாளி கடிந்துகொள்ளவில்லை. ஆனால், தந்தையார் மூன்று நாள் சரியாக உண்ணவில்லை.

அதன் பிறகு ஒரு எலக்ட்ரீஷியன் வந்து அந்தப் பழைய ஜெனரேட்டருக்குத் தானியங்கிப் பேனல் பொருத்தினார். விடுமுறையில் நான் உடனிருந்து பார்த்தேன். மின்சாரம் போனதும் பேனல் சில நொடிகள் காத்திருக்கிறது. பிறகு எரிபொருளைத் திறக்கும் சொலினாய்டுக்கு மின்சாரம் கொடுத்து, ஸ்டார்ட்டரைச் சுழற்றுகிறது. என்ஜின் பிடித்துக்கொண்டதை ஜெனரேட்டரின் அதிர்வெண்ணாலும் எண்ணெய் அழுத்தத்தாலும் அறிந்து ஸ்டார்ட்டரை விடுவிக்கிறது. வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்றில் நிலைத்து 50 ஹெர்ட்ஸ் வந்ததும் சுமையை மாற்றுகிறது. கிளம்பாவிட்டால் இடைவெளி விட்டு மூன்று முறை முயல்கிறது. பின் நிறுத்திவிட்டு அபாய ஒலி எழுப்புகிறது. பேட்டரி அழுத்தம், நீரின் வெப்பம், டீசல் அளவு ஆகியவற்றைச் செல்பேசிக்குச் செய்தியாக அனுப்புகிறது. படைத்துறை ஜெனரேட்டர்கள் பலவற்றைப் போல இதுவும் 24 வோல்ட்டில் கிளம்புவது. ஆகவே சார்ஜரும் சொலினாய்டும் அதற்கேற்றவையாகவே பொருத்தப்பட்டன.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. ஊர் மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் இணையாதபடி தடுக்கும் பூட்டு அது. அது இல்லையேல் ஜெனரேட்டரின் மின்சாரம் கம்பி வழியே பின்னோக்கிப் பாயும். டிரான்ஸ்ஃபார்மரில் பல மடங்காக உயரும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிரைக் குடிக்கும். பிறர் உயிரைக் காக்காத தானியங்கி நமக்கு எதற்கு?

பேனல் வந்த அன்று தந்தையார் முகம் வாடியிருந்தது. கிளப்புகிற வேலையை இயந்திரமே செய்துவிட்டால் தமக்கு என்ன வேலை என்ற கவலை. என்னிடமும் பதில் இல்லை. அடுத்த மாதம் ஒரு நள்ளிரவில் அவர் செல்பேசி ஒலித்தது. மூன்று முயற்சியும் தோற்றுவிட்டதாகச் செய்தி. அவர் ஓடிப்போய்ப் பார்த்தார். பேட்டரி முனையில் உப்புப் பூத்திருந்தது. சுரண்டித் துடைத்து, இறுக்கி முடுக்கினார், என்ஜின் உறுமியது. முட்டைகள் தப்பின. மறுநாள் முதலாளி, ஜெனரேட்டரின் பராமரிப்பு முழுவதையும் அவரிடம் ஒப்படைத்துச் சம்பளத்தையும் சற்று உயர்த்தினார். எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பேனல் வந்ததும் ஆளை அனுப்பிவிட்ட இடங்களும் உண்டு.

நண்பர்களே! இயந்திரம் எளியவனுக்குத் துணையாவதும் பகையாவதும் அதன் சிலிண்டருக்குள் முடிவாவதில்லை. அதை வைத்திருப்பவர் உள்ளத்தில் முடிவாகிறது. டீசல் முதற்பாதியைச் செய்து காட்டினார், மறுபாதியைச் செய்ய ஆள் தேடி எழுதினார், கேட்பார் இல்லை. அந்த மறுபாதி படிக்கின்ற நம் பொறுப்பு. நாளை நாம் எந்தப் பேனலைப் பொருத்தினாலும், அதனருகே டார்ச் விளக்கோடு நிற்கும் மனிதரை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். அன்று ஆக்ஸ்பர்க்கில் பெல்ட்டின் இழுப்பு மாறியதைக் கண்டுகொண்டதும் அப்படி ஒருவர்தாம்.