பறவை மனிதர் சாலிம் அலி



எங்க தெருவுல ஒரு அக்கா காலேஜ் படிக்காங்க. லீவுல காடு, குளம்னு போய் பறவைகளைக் கணக்கெடுக்கப் பழகுதாங்க. அதுக்கு இன்டர்ன் என்று பேராம். சம்பளம் கிடையாது. இதெல்லாம் ஒரு வேலையான்னு சிலர் கேக்காங்க. அவங்களுக்குச் சொல்லத்தான் சாலிம் அலியின் வரலாற்றை எழுதுகிறேன்.

அவர் 1896 நவம்பர் 12-ல் பம்பாயில் பிறந்தார். சின்ன வயசுலேயே அப்பா, அம்மா இறந்துட்டாங்க. மாமா வீட்டில் வளர்ந்தார். ஒருநாள் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம். என்ன குருவின்னு மாமாவுக்கும் தெரியல. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் அந்தச் சிறுவனுக்குக் காட்டினார். அன்றைக்குப் பிடித்த ஆசை கடைசி வரை விடவில்லை.

ஆனா வேலை லேசா கிடைக்கல. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் இடம் இல்லை. 1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் ஆனார். முப்பது வயசுக்கு மேல லீவு போட்டு ஜெர்மனி போனார். பெர்லினில் ஸ்ட்ரெஸ்மான் என்ற அறிஞரிடம் பயிற்சி பெற்றார். ஹெலிகோலாந்து தீவில் பறவையின் காலில் வளையம் மாட்டக் கற்றார். 1930-ல் திரும்பி வந்தால், பணம் இல்லைன்னு அந்த வேலையையே எடுத்துட்டாங்க!

அவர் சும்மா இருக்கவில்லை. மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்ற கடலோர ஊரில் தங்கி, அங்கிருந்த தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டும். பெண் குருவி வந்து பார்த்து, பிடித்தால்தான் குடி வரும். பிறகு ஆண் மீதிக் கூட்டை முடித்துவிட்டு, அடுத்த பெண் குருவிக்காக வேறு கூடு கட்டப் போய்விடும். இதைக் கண்டு எழுதியதால்தான் அறிஞர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்து ஐதராபாத் சமஸ்தானத்துப் பறவைகளைக் கணக்கெடுத்தார். சம்பளம் வேண்டாம், செலவு மட்டும் போதும் என்று சொல்லிச் செய்த வேலை அது.

1941-ல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் புத்தகம் வந்தது. பரத்பூர் பறவைகள் சரணாலயம் வயலாக மாறாமல் காப்பாற்றப் பாடுபட்டார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக்காகவும் குரல் கொடுத்தார். 1976-ல் பத்ம விபூஷண் பெற்றார். 1987-ல் தம் 90-வது வயதில் மறைந்தார்.

சம்பளம் இல்லாமல் பழகிய பழக்கம்தான் அவரைப் பறவை மனிதர் ஆக்கியது. நம்ம கங்கைகொண்டானில் புள்ளிமான் சரணாலயம் இருக்கு. ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் நடக்கு. அதுவரை காத்திருக்க வேண்டாம். பனைமரத்தில் தூக்கணாங்கூடு தொங்கினால் கல் எறியாதீங்க. தள்ளி நின்னு பாருங்க. தேதி போட்டு நோட்டுல எழுதுங்க. நானும் ஆரம்பிச்சிருக்கேன்.

உங்களுக்குத் தெரியுமா?
★ கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயம் அறிவிக்கப்பட்ட ஆண்டு 2013. பரப்பு சுமார் 288 ஹெக்டேர்.
★ சாலிம் அலி பெயரில் கோவை ஆனைகட்டியில் பறவையியல் ஆராய்ச்சி மையம் உள்ளது. தொடங்கியது 1990.


– 9-ஆம் வகுப்பு மாணவி