எழுதத் தெரியாமலே எழுதத் தொடங்கியவர்

பூவிருந்தவல்லிக்கு அருகில் ஒரு சிற்றூரில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம். மாலையில் முதியோர் வகுப்பு நடத்தும் பொறுப்பு எனக்கு. அங்கு வந்த அம்மையார் ஒருவர் நல்லதங்காள் கதையைச் சொன்னால் கேட்பவர் கண் கலங்கும். ஆனால் பதிவேட்டில் அவர் வைப்பது கைநாட்டு. இந்த வயதில் எழுத்து எதற்கு என்று அவர் சிரித்தபோது எனக்கு விடை தெரியவில்லை. அந்த விடை வை. மு. கோதைநாயகி அம்மாளின் வாழ்க்கையில் இருந்தது.

1901 டிசம்பர் முதல் நாளில் பிறந்த கோதைநாயகி, ஐந்து வயதிலேயே திருவல்லிக்கேணி வை. மு. பார்த்தசாரதிக்கு மனைவியானார். பள்ளி வாசலை மிதித்தவரல்லர். ஆயினும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வதில் வல்லவர். கணவருடன் கண்ட நாடகங்கள் அவர் மனத்திலும் ஒரு நாடகத்தை எழுப்பின. எழுதவோ கை வரவில்லை. தோழி பட்டம்மாள் பக்கத்தில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தார். அதுவே 'இந்திர மோகனா', 1924-இல் அச்சேறியது. பின்னர் எழுதக் கற்றார்.

1925-இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்றுச் சுமார் 35 ஆண்டுகள் நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். இதழாசிரியர், நாவலாசிரியர், மேடைப் பேச்சாளர், இசைவாணி என்று எத்தனை முகங்கள்!

எழுத்தோடு அவர் நின்றுவிடவில்லை. காந்தியடிகளைக் கண்டபின் பட்டையும் நகையையும் துறந்து கதர் உடுத்தார். விடுதலைப் போரில் சிறை சென்றார், அங்கும் எழுதினார். அடிகள் மறைந்த 1948-இல் மகாத்மாஜி சேவா சங்கம் கண்டு, ஏழைப் பெண்களுக்குக் கல்வியும் கைத்தொழிலும் கிடைக்கச் செய்தார். எழுதத் தெரியாதிருந்த கரம், எழுதத் தெரியாத கரங்களைத் தேடிச் சென்றது. 1956-இல் ஒரே மகனைப் பறிகொடுத்த துயரம் அவரை வாட்டியது. 1960 பிப்ரவரி 20-ஆம் நாள் மறைந்தார்.

நண்பர்களே, அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் மின்ரயிலேறிக் கல்லூரிக்கு வருகிற நாம், அந்த 115 நாவல்களையும் எண்ணி வியக்கிறோம். அவற்றுக்கெல்லாம் முன்னால், ஒரு தோழி எழுதுகோலை எடுத்தாரே, அதை எண்ணிப் பார்த்தோமா? அந்தத் தொண்டு இல்லையேல் அந்த முதல் நாடகம் மனத்திலேயே மடிந்திருக்கலாம்.

மறுநாள் மாலை ஒரு புதுக் குறிப்பேட்டுடன் அந்த அம்மையார் அருகில் அமர்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல நல்லதங்காள் கதையை எழுதினேன். முடித்ததும் படித்துக் காட்டினேன். அவர் ஏட்டை வாங்கிப் பார்த்தார். தம் பெயர் எந்த இடத்தில் இருக்கிறதென்று கேட்டார். காட்டினேன். அந்த எழுத்துகளின்மேல் விரலால் மெல்ல வரைந்து பார்த்தார்.

முகாம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தன. கடைசி நாளன்று பதிவேட்டில் அவர் கைநாட்டு வைக்கவில்லை.