பெஸ்டலொற்சி என்னும் உபாத்தியாயர்

சுவிற்சர்லாந்து தேசத்துச் சூரிச் நகரத்திலே 1746ஆம் ஆண்டில் பிறந்த பெஸ்டலொற்சி என்பவருக்கு, உபாத்திமையே தம் தொழிலென்று தெளிந்து கூறுதற்கு ஐம்பத்திரண்டு வயது சென்றது. இளமையிலே தந்தையை இழந்து தாயாரால் வளர்க்கப்பட்ட அவர், முதலிலே குருத்துவத்துக்குப் படித்தார். அதைவிட்டு நியாயப்பிரமாணம் பயின்றார். அதனையும் விட்டுக் கமக்காரரானார். பிர் என்னுங் கிராமத்துக்கு அணித்தாய் நிலம் வாங்கி நோய்ஹோவ் எனப் பெயரிட்டு நடத்திய கமம் நட்டத்திலே முடிந்தது.

1774ஆம் ஆண்டிலே அவ்வீட்டையே ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலையாக்கினார். பிள்ளைகள் பஞ்சு நூற்றும் நெய்தும் ஈட்டும் பொருளே பாடசாலையைத் தாங்குமென்பது அவர் கணக்கு. அக்கணக்குப் பொய்த்தது. மனைவியார் கொணர்ந்த பொருளும் அதிலே கரைந்தது. கமக்காரர், வியாபாரி, தந்தை, ஆசிரியர் என்னும் நால்வராகவும் அவர் ஒருவரே நிற்க முயன்றமையே அத்தோல்விக்குக் காரணமென்பது நமது துணிபு.

பின்னர்ப் பதினெட்டு ஆண்டுகள் எழுத்திலே கழிந்தன. 1781இலே தொடங்கி வெளியிட்ட லீன்ஹார்டும் கெர்த்ரூட்டும் என்னுங் கதை அவருக்குப் பெரும்புகழ் தந்தது. ஆயினும், சனங்களைத் திருத்த எழுதியதனைச் சனங்கள் பொழுதுபோக்காகப் படித்தனரென்று அவர் வருந்தினார்.

1798இலே அத்தேசத்தில் அரசு மாறிற்று. புதிய அரசினர் அவரைப் பத்திரிகை நடத்துமாறு அமர்த்தினர். அவரோ தாம் விரும்புவது பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலையே என்று வெளிப்படையாகச் சொன்னார். பெருநூலாசிரியரொருவர் அவ்வாறு கேட்டது பலருக்கு நகைப்பாயிருந்திருக்கும். நாமும் ஐம்பதைக் கடந்தவரே. அவ்வயதிலே முதற்படியில் நின்று தொடங்குதல் எளிதன்றென்பதை அறிவோம்.

அவ்வாண்டு பிரெஞ்சுச் சேனை ஸ்ரான்ஸ் என்னும் ஊரை எரித்தழித்தது. அங்கே தாய்தந்தையரை இழந்த பிள்ளைகளை அரசினர் அவரிடம் ஒப்புவித்தனர். 1799ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே, கன்னியர்மடத்தின் முற்றுப்பெறாத கட்டடமொன்றில், சிரங்கும் பேனும் நிறைந்த ஏறக்குறைய எண்பது பிள்ளைகளுக்கு அவரொருவரே ஆசிரியர். துணை ஒரு வேலைக்காரி மாத்திரமே. அவர்களோடு உண்டார், அவர்களிடையே உறங்கினார். புத்தகமில்லை, கருவியில்லை. ஆகவே கண்ணுக்கு முன்னுள்ள பொருள்களைக்கொண்டே கற்பித்தார். முன்பு கற்ற பிள்ளை பின்பு வந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆனி மாதத்திலே சேனையின் வைத்தியசாலைக்கென்று அவ்விடம் எடுக்கப்பட்டது. அவரும் நோயுற்று நீங்கினார்.

தேறியபின் பூர்க்டோர்வ் ஊரிலே, சப்பாத்துத் தைக்குந் தொழிலாளியொருவர் நடத்திய பள்ளியில் அவருக்கு இடங்கிடைத்தது. வேதவினாவிடையை மனனஞ் செய்விக்காத வாத்தியார் வேண்டாமென்று பெற்றோர் முறையிட, சிறுகுழந்தைகள் பள்ளிக்கு மாற்றப்பட்டார். அங்கே, எண், வடிவம், சொல் என்னும் மூன்றினின்றும் எல்லாக் கல்வியுந் தொடங்கவேண்டுமெனத் தம் முறையை வகுத்தார். 1801இலே அதனை நூலாக எழுதினார். தலை, இருதயம், கை என்னும் மூன்றும் ஒருங்கே வளரவேண்டும் என்பதும், ஏழையின் பிள்ளைக்கும் அது உரியது என்பதும் அவர் கொள்கை. முப்பது ஆண்டுகளாக மனத்திலே மங்கிக் கிடந்த நோக்கம் இங்கேதான் பிறர் எடுத்து நடத்தத்தக்க உருவம் பெற்றது.

பின்பு இவர்டன் கோட்டையிலே அவர் நடத்திய வித்தியாசாலை ஐரோப்பா முழுவதும் பெயர்பெற்றது. பிரஷ்ய தேசத்து அரசினர் இளம் ஆசிரியரை அங்கே பழக அனுப்பினர். பாலர்தோட்டத்தைப் பின்னர் வகுத்த பிரோபெல் என்பவரும் 1808 முதல் 1810 வரை அங்கே தங்கினார். ஆனால் அங்கே சேர்ந்தவர் பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். உதவியாசிரியர் தம்முட் பிணங்கினர், கடனும் பெருகிற்று. ஏழைகளுக்கென அவர் 1818இலே கிளாந்தி என்னுமிடத்தில் தொடங்கிய பள்ளியும் நிலைக்கவில்லை. 1825இலே இவர்டன் வித்தியாசாலையை மூடிவிட்டு, எழுபத்தொன்பது வயதிலே நோய்ஹோவுக்கே மீண்டார்.

1827ஆம் ஆண்டு மாசி மாதத்திலே அவர் இறந்தார். பிர் கிராமத்திலே, பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் அவரை அடக்கஞ்செய்தனர்.