மண்ணுக்குள் தெய்வத்தைத் தேடிய மார்ஷல்

சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் நடுவில் லாகூருக்கும் முல்தானுக்கும் இடையே ரயில் பாதை போட்டார்கள். ஜல்லிக்குப் பதிலாக ஹரப்பா மேட்டில் குவிந்து கிடந்த பழைய செங்கல்லை அள்ளிக் கொட்டினார்கள். சுமார் 100 மைல் பாதைக்கு அது போதுமானதாக இருந்தது. 4,500 ஆண்டுப் பழமையான பட்டணம் ஒன்றைத் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிறோம் என்று அன்று யாருக்கும் தெரியாது. அந்தப் பட்டணத்தின் பெருமையை உலகுக்கு அறிவித்தவர் சர் ஜான் மார்ஷல்.

1876-ம் ஆண்டு மார்ச் 19-ந் தேதி இங்கிலாந்தில் செஸ்டர் நகரில் அவர் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்து, கிரீஸ் நாட்டில் அகழ்வாராய்ச்சி பழகினார். 1902-ல் வைசிராய் கர்சன் பிரபு அவரை இந்தியத் தொல்பொருள் இலாகாவின் டைரக்டர் ஜெனரலாக நியமித்தார். அப்போது அவர் இருபத்தாறு வயதை ஒட்டிய இளைஞர்.

சாஞ்சி ஸ்தூபியைச் செப்பனிட்டார். 1913 முதல் தட்சசீலத்தைத் தோண்டினார். அங்கெல்லாம் கல்வெட்டும் காசும் பௌத்த நூல்களும் துணை நின்றன. இது எந்த மதத்தார் கட்டியது, யாரை வணங்கினார்கள் என்று சொல்வது அவ்வளவு கடினமில்லை.

1921-ல் தயாராம் சாஹ்னி ஹரப்பாவைத் தோண்டினார். 1922-ல் ராக்கால்தாஸ் பானர்ஜி, பௌத்த ஸ்தூபி ஒன்று நின்ற மொகஞ்சதாரோவில் வேலை தொடங்கினார். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி முத்திரைகள் கிடைத்தன. 1924 செப்டம்பரில் மார்ஷல் இச்செய்தியை லண்டன் பத்திரிகையில் வெளியிட்டார். புகழில் பெரும்பங்கு அவருக்குப் போயிற்று. முதலில் தோண்டிய இரு இந்தியர்களின் பெயர் பின்தங்கிவிட்டது.

இங்கேதான் சிக்கல். எழுத்து உண்டு, படிக்க முடியவில்லை. கோயில் என்று உறுதியாகச் சொல்லத்தக்க கட்டடமும் இல்லை. விலாசச் சீட்டு கிழிந்துபோன பார்சல் மாதிரி, உள்ளே இருக்கும் பொருளைப் பார்த்துத்தான் உரியவரை ஊகிக்க வேண்டும். மார்ஷல் அதைத்தான் செய்தார். தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு முத்திரையில் கொம்பு சூடிய உருவம் காலை மடக்கி அமர்ந்திருந்தது. மூன்று முகம் போலத் தோன்றியது. சுற்றிலும் யானை, புலி, காண்டாமிருகம், எருமை. யோக நிலை, விலங்குகளின் தலைவன், பல முகம் ஆகியவற்றைப் பிற்காலச் சமயத்தோடு ஒப்பிட்டு, இது சிவனின் ஆதி வடிவம் என்று முடிவு கட்டினார். சுடுமண் பெண் பொம்மைகளைத் தாய்த் தெய்வம் என்றும், பெரிய குளத்தைப் புனித நீராடும் இடம் என்றும் கருதினார். 1931-ல் வெளிவந்த மூன்று பெரிய தொகுதிகளில் இவை இடம்பெற்றன.

பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். முகம் மனித முகமே அல்ல, எருமை முகம் என்றார்கள் சிலர். பொம்மைகள் எல்லாம் தெய்வமா, விளையாட்டுச் சாமானும் இருக்காதா என்று கேட்டார்கள். பிந்திய காலத்து நம்பிக்கையை முந்திய காலத்தின் மேல் ஏற்றலாமா என்பது முக்கியமான கேள்வி. பொம்மை வழிபாட்டுக்குரியதா என்று அறிய, அது எந்த அறையில், எதன் பக்கத்தில், எந்த மண் அடுக்கில் கிடந்தது என்று தெரிய வேண்டும். மார்ஷல் காலத்தில் மண் அடுக்கைப் பார்க்காமல், ஒரே மட்டத்திலிருந்து ஆழத்தை அளந்து குறித்தார்கள். 1944-ல் அதே பதவிக்கு வந்த மார்ட்டிமர் வீலர் இதைக் கடுமையாகக் குறை கூறினார். ஒரு முறை தோண்டிய மண்ணை மறுபடி தோண்ட முடியாது. இழந்த சாட்சி இழந்ததுதான்.

ஆனாலும் படிக்க முடியாத மக்களின் மனத்தைப் பொருள்களைக் கொண்டு அறிய முயலலாம் என்று துணிந்தவர் அவர். 1928-ல் பதவியை விட்டார். 1958 ஆகஸ்ட் 17-ந் தேதி, 82-வது வயதில் இங்கிலாந்தில் காலமானார்.

அந்த முத்திரை புது தில்லி தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதன் மேல் வரியில் உள்ள எழுத்துக்களை எல்லோரும் ஏற்கும்படி இன்னும் யாரும் படித்துச் சொல்லவில்லை.