லூயி பாஸ்டரும் பூட்டி வைத்த நோட்டுகளும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., நுண்ணுயிரியல்)

பால் பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரு மனிதரின் பெயரையும் சேர்த்தே எடுக்கிறோம். 'பாஸ்டரைஸ்டு' என்று அதில் அச்சிட்டிருப்பதை யாவரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்கு உரியவர் லூயி பாஸ்டர். அவரைப் புகழ்ந்து இம்மலருக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றுதான் அவர் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படித்து முடித்தபோது வெறும் புகழுரையோடு நிறுத்த மனம் வரவில்லை. காரணத்தைக் கடைசியில் கூறுகிறேன்.

பாஸ்டர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியில் உள்ள டோல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை நெப்போலியனின் படையில் இருந்துவிட்டு வந்து தோல் பதனிட்டுப் பிழைத்தவர். பதினைந்து வயதில் பாஸ்டரைப் படிக்கப் பாரிசுக்கு அனுப்பினார்கள். ஊர் நினைப்புத் தாங்காமல் சில வாரங்களிலேயே வீடு திரும்பிவிட்டார். 1842-இல் எழுதிய அறிவியல் தேர்வில் அவர் வேதியியலில் வாங்கியது சுமாரான மதிப்பெண்தான். நம்மில் பலருக்கு ஆறுதல் தரும் செய்தி இது!

1854-இல் லீல் நகரில் பேராசிரியரானார். அங்கே பீட்ரூட் கிழங்கிலிருந்து சாராயம் காய்ச்சும் தொழிற்சாலை ஒன்றில் சில தொட்டிகள் கெட்டுப் புளித்துப் போயின. 1856-இல் அதன் உரிமையாளர் பாஸ்டரிடம் வந்தார். நல்ல தொட்டியின் துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது உருண்டையான ஈஸ்ட் செல்கள் தெரிந்தன. கெட்ட தொட்டியிலோ அவற்றைவிட மிகச் சிறிய குச்சி போன்ற உயிர்கள் நெளிந்தன. பால் புளிப்பதும் இத்தகைய நுண்ணுயிர்களின் வேலையே என்று 1857-இல் வெளியிட்டார். புளிப்பது வெறும் இரசாயன மாற்றம் என்று எண்ணியிருந்த அக்கால வேதியியலாருக்கு இது பெரும் அதிர்ச்சி.

அடுத்து அவர் கவனம் திராட்சை மதுவின் மேல் சென்றது. ஏற்றுமதியாகும் மது வழியிலேயே கெட்டுப் போவது பிரான்சுக்குப் பெரிய நஷ்டமாக இருந்தது. காற்றுப் புகாமல் அதனை 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கினால் போதும், கெடுக்கும் கிருமிகள் மடியும், சுவையும் அதிகம் மாறாது என்று கண்டு 1865-இல் காப்புரிமை பெற்றார். இம்முறை பின்னாளில் பாலுக்கு வந்தது. 63 டிகிரியில் 30 நிமிடம் அல்லது 72 டிகிரியில் 15 விநாடி என்பது இன்றைய கணக்கு. எல்லாக் கிருமியும் இதில் சாவதில்லை. சில பாக்டீரியாக்கள் துன்பம் வந்தால் ஸ்போர் என்னும் கடினமான உறைக்குள் ஒடுங்கிக்கொள்ளும்; கொதிநீரும் அவற்றை எளிதில் கொல்லாது. 1876-இல் ஃபெர்டினாண்டு கோன் என்ற ஜெர்மானியர் இதனை விளக்கிக் காட்டினார்.

இதற்கிடையில் பாஸ்டர் பட்ட துயரங்கள் கொஞ்சமல்ல. 1859-க்கும் 1866-க்கும் இடையே மூன்று பெண் குழந்தைகளைப் பறிகொடுத்தார். அவர்களில் இருவரைக் கொண்டுபோனது டைபாய்டு. 1868-இல் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் முடங்கின. அதன் பிறகுதான் அவருடைய மிகப் பெரிய பணிகள் நடந்தன என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

நோய்க் கிருமியைக் கொல்லாமல் துன்புறுத்தி வைத்தால் அதன் வீரியம் குறையும். அந்த நலிந்த கிருமியை உடலில் செலுத்தினால் அதுவே காவலாகும். இதனைக் கோழிக் காலராவில் கண்ட பாஸ்டர், ஆடுமாடுகளைக் கொன்று குவித்த அடைப்பான் நோய்க்குத் திரும்பினார். அந்தக் கிருமியை 42, 43 டிகிரி வெப்பத்தில் வளர்த்தால் ஸ்போர் உண்டாவதில்லை. நாளாக ஆக வீரியமும் குறைகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனே அதனை நலிவிக்கிறது என்று அவர் நம்பினார். அந்த வெப்பத்தில் கிருமி தன் நச்சை உண்டாக்கும் பிளாஸ்மிடை இழந்துவிடுகிறது என்று இன்று நாம் அறிவோம்.

1881-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் பாரிசுக்கு அருகில் புய்யி-லெ-ஃபோர் என்ற பண்ணையில் ஊரறிய ஒரு சோதனை தொடங்கியது. 24 செம்மறியாடுகளுக்கும் வேறு சில கால்நடைகளுக்கும் தடுப்பூசி போட்டார்கள். இன்னொரு 24 செம்மறிகளுக்குப் போடவில்லை. மே 31-இல் எல்லாவற்றுக்கும் வீரியமுள்ள கிருமியைச் செலுத்தினார்கள். ஜூன் 2-ஆம் நாள் கூட்டம் கூடிப் பார்த்தது. தடுப்பூசி போட்ட மந்தை நின்றுகொண்டிருந்தது. போடாத செம்மறிகள் அன்று பொழுது சாய்வதற்குள் அத்தனையும் மாண்டன. உலகமே பாஸ்டரைக் கொண்டாடியது.

இனிதான் நான் சொல்ல வந்தது. பாஸ்டர் தம் சோதனை நோட்டுகளை வெளியார் யாருக்கும் காட்ட வேண்டாம் என்று குடும்பத்தாரிடம் கூறியிருந்தார். 1895-இல் அவர் மறைந்த பிறகும் அவை பூட்டியே இருந்தன. 1964-இல்தான் அவருடைய பேரன் அவற்றைப் பாரிசு தேசிய நூலகத்திற்குக் கொடுத்தார். அவற்றை ஆராய்ந்த ஜெரால்டு கீசன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1995-இல் ஒரு நூல் எழுதினார். புய்யியில் போட்ட ஊசிமருந்து ஆக்சிஜனால் நலிந்த கிருமி அன்று. பாஸ்டரின் உதவியாளர் ஷாம்பர்லான் பொட்டாசியம் டைகுரோமேட் என்னும் இரசாயனத்தால் நலிவித்தது. பாஸ்டர் அதை ஊருக்குச் சொல்லவில்லை. தம் ஆக்சிஜன் முறையே வென்றதாக உலகம் எண்ணும்படி விட்டுவிட்டார். 1880-லேயே இரசாயனத்தால் அடைப்பான் கிருமியை நலிவிக்க முயன்ற தூலூஸ் நகரக் கால்நடை மருத்துவர் தூசேனுக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை. அவர் 1890-இல் 43 வயதில் இறந்தார்.

ஆடுகள் பிழைத்தது பொய்யில்லை. நோட்டில் பாஸ்டர் உள்ளதை உள்ளபடியே எழுதியிருந்தார். ஊருக்குச் சொன்னதில்தான் குறை.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சென்ற பருவத்தில் மெத்திலின் நீலச் சோதனைக்கு எங்கள் வீட்டு மாட்டின் பாலைக் கொண்டு வந்தேன். பாலில் பாக்டீரியா மிகுதியாக இருந்தால் நீல நிறம் சீக்கிரம் மறையும். என் குழாயில் ஒன்றரை மணி நேரத்தில் மறைந்தது. தரம் 'சுமார்'. என்னைப் படிக்க வைப்பதே அந்த மாட்டுப் பால்தான். அதைச் சுமார் என்று எழுதக் கை வரவில்லை. ஐந்து மணி நேரம், 'மிக நன்று' என்று ரெக்கார்டில் எழிதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

இப்போது யோசித்தால் காரணம் விளங்குகிறது. விடியற்காலை ஐந்தரைக்குக் கறந்த பால், இரண்டு பேருந்து மாறி, பத்தரைக்குத்தான் சோதனைக் கூடத்திற்கு வந்தது. ஐந்து மணி நேர வெயிலில் பாக்டீரியா பெருகாமல் என்ன செய்யும்? மாட்டின் மேல் குற்றமில்லை. நான் மறைத்த எண்ணில்தான் படிக்க வேண்டிய பாடம் இருந்தது.

மறுநாள் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அழிக்க வேண்டாம், ஒரு கோடு கிழித்து உண்மை அளவைப் பக்கத்தில் எழுது என்றார். அப்படியே எழுதினேன். பாஸ்டர் மேல் எனக்குள்ள மதிப்புக் குறைந்துவிடவில்லை. அவருடைய நோட்டு 80 ஆண்டுக்கு மேல் பூட்டியிருந்தது. என் ரெக்கார்டு சோதனைக் கூட அலமாரியில், யாரும் எடுத்துப் பார்க்கும்படி இருக்கிறது.